ஐந்தாவது கோன்

ஆறு கோன் ஸ்லாலம், அதாவது வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே வலம் இடமாக வளைந்து வண்டி ஓட்டுவது. இடைவெளி எல்லாம் ஒரே சீராக 18 மீட்டர். முதல் நாலு கோனும் அழகாகத் தாண்டுகிறது, ஐந்தாவது மட்டும் ஒவ்வொரு ரன்னிலும் சாய்கிறது. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ நடத்தும் சோலோ என்ற கோன் பந்தயத்தின் விதிப்படி விழும் கோன் ஒன்றுக்கு 2 விநாடி தண்டனை. முழு கோர்ஸே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்போது 2 விநாடி என்பது ஒரு யுகம்.

வண்டி சாதாரண முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக், ரோட்டு டயர், இரண்டாவது கியர். இன்ஜின் மேல் பழி போட வழியில்லை, ஸ்லாலமில் அதற்கு வேலையே குறைவு. ஐந்தாவது கோன் விழுவதற்கான காரணம் இரண்டாவது கோனில் கிடந்தது. இது புரிய இரண்டு பயிற்சி நாள் வீண்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்லாலமில் வண்டியின் நடுக்கோடு போகும் பாதை ஏறக்குறைய ஒரு சைன் அலை. டயர் 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 பங்கு) பக்கவாட்டுப் பிடி தரும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அகலத்தில் பாதி 85 செ.மீ, கோன் அடித்தட்டில் பாதி 20 செ.மீ, நடுவில் விடும் சந்து 15 செ.மீ. ஆக வண்டியின் நடுக்கோடு கோன் வரிசையிலிருந்து 1.2 மீட்டர் விலகினால் போதும். அப்படிப் போனால் 18 மீட்டர் இடைவெளியில் மணிக்கு 56 கி.மீ வரை தாங்கும். பயந்து சந்தை 45 செ.மீ ஆக்கினால் விலகல் 1.5 மீட்டர், வேகம் 50-க்கு இறங்கிவிடும். ஒரு இடைவெளிக்கு 0.14 விநாடி நஷ்டம், ஐந்து இடைவெளிக்குக் கிட்டத்தட்ட 0.7. கோனிலிருந்து வெறும் 30 செ.மீ தள்ளிப் போனதற்கு இவ்வளவு விலை. டயர் மாற்றி, அலைன்மென்ட் மாற்றி இந்த 0.7-ஐ எடுப்பதற்குள் பர்ஸ் காலி.

ஆனால் அந்த 0.7-க்கு ஆசைப்பட்டு ஒரு கோனைத் தட்டினால், மூன்று ஸ்லாலமில் சம்பாதித்தது மொத்தமாகப் போய்விடும். எனவே ஒட்டிப் போவதை விட எந்த நேரத்தில் ஒட்டுவது என்பதுதான் கேள்வி.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, கோனைத் தாண்டிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புவது. மணிக்கு 56 கி.மீ என்றால் விநாடிக்கு 15.5 மீட்டர். கை அசைந்து, டயர் பிடித்து, உடல் சாய்ந்து, மூக்கு உண்மையில் திரும்ப ஏறக்குறைய கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் வண்டி 4 மீட்டர் போயிருக்கும். அதாவது கோன் பக்கக் கண்ணாடிக்கு நேராக வரும்போது திருப்பினால், ஒரு வண்டி நீளம் லேட். இரண்டாவது கோனில் அரை மீட்டர் அகலமாகப் போவது மூன்றாவதில் இன்னும் அகலம், நாலாவதில் கை அவசரப்படும், ஐந்தாவதில் கோன் விழும். தாமதம் வட்டி மாதிரி, சேர்ந்துகொண்டே போகும்.

சரியான பாதையில், வண்டி கோன் வரிசையிலிருந்து அதிகம் விலகியிருக்கும் இடம் கோனுக்கு முன்னால் வர வேண்டும். கோனைக் கடக்கும்போது மூக்கு ஏற்கெனவே அடுத்த பக்கம் பார்த்திருக்க வேண்டும். கோனுக்கு மிக நெருக்கமாகப் போவது முன் பம்பர் அல்ல, பின் கதவு. இதை வாயால் சொல்வது சுலபம். கையோ கோனைப் பார்த்துவிட்டுத்தான் திருப்புவேன் என்று அடம்பிடிக்கும்.

இதைப் பிடிக்க உதவியது ஆரஞ்சு கறை. கோன் உரசினால் பெயின்டில் ஆரஞ்சுத் தீற்று ஒட்டும். ரன் முடிந்தவுடன் துடைக்காமல், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன் பம்பர் மூலையில் இருந்தால் லேட், வண்டி இன்னும் வெளிப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே கோனைத் தொட்டிருக்கிறது. பின் கதவில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருந்தால் நேரம் சரி, சந்து மட்டும் போதவில்லை. பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் தீர்ந்தது. பின் சக்கரத்துக்கும் பின்னால், பம்பர் ஓரத்தில் இருந்தால் அது வேறு கதை. எதிர்ப்பக்கம் வெடுக்கென்று ஒடித்ததிலோ, நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டதிலோ வால் வீசியிருக்கிறது.

இங்கே கறை முன் மூலையில்தான் இருந்தது. பின்பக்கம் இடிக்கிறது என்று முதலில் நினைத்தது கண்ணாடியில் கோன் உருளுவதைப் பார்த்ததால். கண்ணாடி பொய் சொல்லும், பெயின்ட் சொல்லாது.

இன்னொன்று: ஸ்லாலமை மெதுவாக ஓட்டிப் பழகுவதால் பாதி பயன்தான். 2.45 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) உள்ள வண்டி 27 மீட்டர் ஆரத்தில் மெல்லத் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்துக்கு 11 செ.மீ உள்ளே வரும். வேகத்தில் பின் டயர் நழுவு கோணம் எடுத்து (அது பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் உள்ள வித்தியாசம்) வால் வெளியே போவதால் அந்த 11 செ.மீ காணாமல் போகும், சில சமயம் தலைகீழாகவும் ஆகும். மெதுவாகப் பழகிய கை, வேகத்தில் தேவையில்லாத சந்தை விடும். பாதையை மனதில் பதிக்க இரண்டு ரன் மெதுவாகப் போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

கடைசியில் வேலை செய்தது இதுதான். முதல் கோனுக்கு முன்னால் ஒரே தடவை, கொஞ்சம் கூடுதலாகவே வேகத்தைக் குறைப்பது. அதன்பிறகு ஸ்லாலம் முடியும்வரை பிரேக் கிடையாது, வலது கால் சீராக. முதல் கோனில் மெதுவாக இருப்பது போலத் தோன்றும், அப்படித் தோன்றினால் சரியான வேகம். கண் எப்போதும் இரண்டு கோன் தள்ளி, பக்கத்துக் கோனைப் பார்க்கவே கூடாது. தரையில் ஒவ்வொரு கோனுக்கும் 4 மீட்டர் முன்னால் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டு, மூக்கு அந்தக் கோட்டைத் தொடும்போது கையைத் திருப்பிப் பழகியது. ஐந்தாறு ரன்னில் கோடு இல்லாமலே கை போக ஆரம்பித்தது. பயிற்சியில் மட்டும் கோடு, போட்டியில் கோர்ஸ் வாக்கில் (ஓட்டும் முன் பாதையை நடந்து பார்ப்பது) காலால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்டீயரிங் 90, 100 டிகிரிக்கு மேல் போகவே தேவையில்லை. 9-3 பிடியிலிருந்து (கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் கை) கை மாற்ற வேண்டி வந்தால் முன் டயர் உழுகிறது, அதாவது திரும்பாமல் நேராக நழுவுகிறது என்று அர்த்தம். அப்போது இன்னும் திருப்பினால் இன்னும் உழும். சற்று நேராக்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு மயிரிழை தளர்த்தினால் மூக்கு கடித்துக்கொள்ளும். கை அலைய இன்னொரு காரணம் சீட்டில் உடம்பு நிற்காமல் ஆடுவது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்ட வைத்து, பிறகு சீட்டை முன்னே நகர்த்தினால் இடுப்பு கட்டிப்போட்டது போல நிற்கும். செலவில்லாத வைத்தியம்.

டயர் அழுத்தம் பற்றிச் சுருக்கமாக. கையேடு 33 பி.எஸ்.ஐ சொல்கிறது, ஆரம்பித்தது முன்னால் 38, பின்னால் 35. டயர் தோளில் இருக்கும் சின்ன முக்கோணக் குறியின் மேல் சாக்கட்டி தடவி, ரன் முடிந்ததும் பார்த்தால் தேய்ந்த எல்லை முக்கோணத்தின் முனையில் நிற்க வேண்டும். தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. முனையை எட்டவே இல்லை என்றால் அதிகம். ஒவ்வொரு ரன்னிலும் அழுத்தம் ஏறும், வெயில் நாளில் இன்னும் வேகமாக, எனவே வரிசையில் நிற்கும்போதே பார்த்து இறக்க வேண்டும். ஒரே கேஜைத்தான் கடைசிவரை பயன்படுத்த வேண்டும். இரண்டு கேஜ் 2 பி.எஸ்.ஐ வித்தியாசம் காட்டினால் எதை நம்புவது? வால் இன்னும் தாராளமாகத் திரும்ப வேண்டுமென்றால் பின்னால் 2 பி.எஸ்.ஐ ஏற்றிப் பார்க்கலாம், முன்னால் கை வைக்காமல். ஒரு ரன்னுக்கு ஒரு மாற்றம்தான்.

போன் ஜி.பி.எஸ்-ஐ வைத்து ஸ்லாலமை ஆராயப் போனது வீண். பல போன்களில் விநாடிக்கு ஒரு புள்ளிதான் வரும். விநாடிக்கு 15 மீட்டர் போகும் வண்டிக்கு அது ஏறக்குறைய கோனுக்கு ஒரு புள்ளி. 10 ஹெர்ட்ஸ் தனி ரிசீவர் 1.5 மீட்டருக்கு ஒரு புள்ளி தருகிறது, பாதையின் வடிவம் ஓரளவு தெரியும். அதுவும் இல்லையென்றால் கோன் வரிசையின் முடிவில் நேர்கோட்டில் நின்று ஒருவர் வீடியோ எடுத்தாலே போதும், லேட் ஆவது பளிச்சென்று தெரியும். பாதுகாப்பான தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள், முன் மூலையில் கோன் மாட்டினால் அது பறக்கும்.

கோன் வாங்குவதாக இருந்தால் 45 செ.மீ உயரம், வளையும் பி.வி.சி, கனமான அடித்தட்டு. கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தது இரண்டு அடியில் பிளந்து, உடைந்த விளிம்பு பம்பரைக் கீறும். லேசானது வண்டி போகும் காற்றிலேயே நகர்ந்துவிடும், அப்புறம் இடித்தோமா இல்லையா என்ற வாக்குவாதம் வேறு. வைத்தவுடன் அடித்தட்டைச் சுற்றிச் சாக்கட்டியால் கட்டம் போடுங்கள். கோன் நிமிர்ந்தே இருந்து, அடித்தட்டின் ஒரு ஓரமாவது கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை என்பது சோலோ விதி. கட்டம் இல்லாமல் பழகினால் எவ்வளவு நெருங்கலாம் என்ற அளவே கைக்கு வராது.

அடுத்து முன் சஸ்பென்ஷனுக்கு கேம்பர் போல்ட், அதாவது சக்கரத்தின் சாய்வை மாற்றும் போல்ட். மேக்பர்சன் ஸ்ட்ரட் என்ற வகை சஸ்பென்ஷனில் ஒரு டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கலாம், டயர் தோளில் சாக்கட்டி அழிவதும் குறையும். கேம்பரை மாற்றினால் டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) மாறிவிடும், எனவே போல்ட் மாட்டிய அன்றே டோவைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. மொத்தம் 2 மி.மீ டோ-அவுட் (வெளியே பார்ப்பது) வைக்க உத்தேசம், திருப்பத் தொடங்கும்போது மூக்கு சோம்பாமல் இருக்கும்.

ஆனால் போல்ட் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். ஆறு கோனில் ஆறும் நிற்கிறது என்பது சீரான 18 மீட்டருக்கு மட்டும். இடைவெளியை 20, 18, 16, 14 என்று சுருக்கி வைத்தபோது நாலாவது கோன் மறுபடி முன் மூலையில் கறையோடு பறந்தது. 18-க்குப் பழகிய வேகத்தை 14 தாங்காது, தாங்கும் வேகம் இடைவெளியின் அதே விகிதத்தில் குறையும். 56-இல் வந்த வண்டி அங்கே 44-இல் இருக்க வேண்டும். எந்தக் கோனில் காலை எடுக்கத் தொடங்குவது என்பதைத்தான் அடுத்த தடவை சாக்கட்டியோடு பார்க்க வேண்டும். முதல் சந்தேகம் இரண்டாவது கோன் மேல்.