ஆளில்லாத சர்வர்களிலிருந்து வரும் ஸ்பேம்

நான் ஒரு சின்ன மாஸ்டடான் சர்வரை நடத்துகிறேன். மாஸ்டடான் என்பது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளம். உறுப்பினர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். இவ்வளவு சின்ன இடத்துக்கு ஸ்பேம் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். உள்ளேயிருந்து வருவது மிகக் குறைவு. வருவதெல்லாம் அடுத்தவர் சர்வரிலிருந்துதான்.

2024 பிப்ரவரியில் நடந்த ஸ்பேம் தாக்குதலைச் சொன்னால் புரியும். பெரிய சர்வர்களில் கண்காணிக்க ஆள் இருக்கும், ஸ்பேம் கணக்குகளைச் சீக்கிரம் முடக்கிவிடுவார்கள். அந்த முறை வந்த ஸ்பேமர்கள் அங்கே போகவில்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று பதிவைத் திறந்துவைத்துவிட்டு, அட்மின் எட்டிப் பார்க்காமல் விட்ட சின்னச் சின்ன சர்வர்களாகத் தேடிப்பிடித்தார்கள். நிரல் ஒன்றே கணக்குகளை உருவாக்கியது. அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன பெயர்கள், முன்பின் தெரியாதவர்களை டேக் செய்யும் பதிவுகள். ஒரு டொமைனை, அதாவது ஒரு சர்வரின் முகவரியை, தடுத்தால் அடுத்த டொமைனிலிருந்து வரும்.

என் சர்வரில் புதியவர்கள் சேர்வதற்கான பதிவு மூடியே இருந்தது. ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை. மாஸ்டடான் சர்வர்கள் தமக்குள் பேசப் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில், தடுக்கப்படாத எந்த சர்வரும் எந்த சர்வருக்கும் செய்தி அனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்காமல் புது சர்வர் தொடங்கி எல்லோருடனும் பேச முடிவதும் இதனால்தான். அனுமதித்த சர்வர்களோடு மட்டும் பேசும்படி மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் நான் இங்கே வந்ததற்கே அர்த்தம் இருக்காது.

உறுப்பினர் ஒருவர் புகார் கொடுத்தால், அதை அந்தக் கணக்கு இருக்கும் சர்வருக்கும் அனுப்பிவைக்கலாம். அங்கே ஆள் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் புகார் அப்படியே கிடக்கும், நான்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவுதான் கஷ்டம். ஒரு சர்வரை முழுவதுமாகத் தடை செய்தால், அங்கிருப்பவர்களுக்கும் நம் உறுப்பினர்களுக்கும் இடையில் உள்ள பின்தொடர்தல்கள் எல்லாம் அறுந்துவிடும். பிறகு தடையை நீக்கினாலும் அவை தாமாகத் திரும்பி வராது. அந்த நாட்களில் ஸ்பேம் அனுப்பிய ஒரு சர்வரில், பறவைப் படங்கள் போடும் ஒருவர் இருந்தார். எங்கள் உறுப்பினர்கள் சிலர் அவரோடு தினமும் பேசுவார்கள். அவர் சர்வரின் அட்மின் காணாமல் போனதற்கு அவர் என்ன செய்வார்? அதனால் தடை செய்யாமல், அந்த சர்வரை மட்டுப்படுத்தி மட்டும் வைத்தேன். ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களுக்கு அவர் பதிவுகள் வரும். முன்பின் தெரியாத கணக்குகளின் டேக்குகள் யாருக்கும் அறிவிப்பாக வராது. ஸ்பேம் படங்கள் எங்கள் சர்வரின் சேமிப்பில் சேராமலிருக்க, அங்கிருந்து வரும் படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் நிராகரித்தேன். அவருடைய பறவைப் படங்களும் அதோடு நின்றன. படத்தைப் பார்க்க அவர் பக்கத்துக்கே போக வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இதற்குத்தான் தடுக்க வேண்டிய சர்வர்கள் என்று மற்றவர்கள் தொகுத்து வைத்த தடைப்பட்டியல்கள் இருக்கின்றனவே, ஒன்றை இறக்கிப் போட்டால் போதாதா என்பார்கள். நான் அவற்றைப் பார்ப்பேன், மொத்தமாக ஏற்றமாட்டேன். ஒரு பெயர் ஏன் அதில் இருக்கிறது என்று என் உறுப்பினர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது பதிவைத் திறந்திருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்த பிறகே அனுமதிக்கிறேன். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் ஸ்பேமர்கள் வழவழவென்று மூன்று வரி எழுதுகிறார்கள். உண்மையான ஆள் பல நேரம் "சும்மா பார்க்கலாம்னு" என்று மட்டும் எழுதுகிறார். அதனால் மின்னஞ்சல் டொமைன், ஐபி முகவரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். அப்புறமும் சந்தேகமாக இருந்தால் மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேட்பேன். பதில் வந்தால் பெரும்பாலும் மனிதர்தான்.

2024 தாக்குதலுக்குப் பிறகு, அதே மாதம் வந்த மாஸ்டடான் மென்பொருளின் 4.2.8 பதிப்பு நல்ல மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தது. பதிவு திறந்திருக்கும் சர்வரில் ஒரு வாரமாக, புகார்களைக் கவனிக்கும் மாடரேட்டர் யாரும் தலைகாட்டவில்லையென்றால், புதுக் கணக்குகளுக்கு அனுமதி தேவை என்று அது தானாகவே மாறிக்கொள்ளும். ஆனால் கைவிடப்பட்ட சர்வரில் புதிய பதிப்பை ஏற்ற யார் இருக்கிறார்கள்?

அதனால் சர்வர் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சலித்துப்போனால் விட்டுவிடுங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. போவதற்கு முன் அமைப்புகளுக்குள் போய்ப் பதிவை மட்டும் மூடிவிட்டுப் போங்கள். முடிந்தால் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு சர்வருக்குக் கணக்கை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.