துருக்கிய மொழியில் பிறவினை: ‘ஐ’யா, ‘கு’வா?

ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு என்று வினைக்குள்ளேயே மாற்றிப் பழகிய நமக்குத் துருக்கியப் பிறவினை சீக்கிரம் பிடிபட்டுவிடும். வேற்றுமையில்தான் மதிப்பெண் போகிறது.

விகுதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஓரசைக்கு மேற்பட்ட வினையடி உயிரிலோ, ர், ல் இரண்டிலோ முடிந்தால் ‘த்’ சேரும்: ஒக்கு (படி) – ஒக்குத், பெக்லெ (காத்திரு) – பெக்லெத். மற்றவற்றில் பெரும்பாலும் ‘திர்’: கெஸ் (வெட்டு) – கெஸ்திர், யெ (தின்) – யெதிர். முன் நிற்கும் ஒலிக்கேற்ப இந்த ‘திர்’ 8 வடிவம் எடுக்கும். இச் (குடி) – இச்சிர், கொர்க் (பயப்படு) – கொர்குத், கெல் (வா) – கெதிர் (கொண்டுவா) போன்றவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும்.

இனி வேற்றுமை. இங்கே ‘ஐ’ என்பது துருக்கியத்தில் இ, உ போன்ற ஒலியாகவும் (பெபெயி, மெக்துபு), ‘கு’ என்பது எ அல்லது அ ஒலியாகவும் (அலியே, அதா) பெயரின் கடைசியில் வரும் உருபு. பிறவினையைப் பார்க்காதீர்கள், மூலவினையைப் பாருங்கள். அது ‘ஐ’ ஏற்கும் செயப்படுபொருள் இல்லாத வினையென்றால், செய்பவருக்கு ‘ஐ’: பெபெக் உயுது (குழந்தை தூங்கியது), பெபெயி உயுத்தும் (குழந்தையைத் தூங்கவைத்தேன்). ‘கு’ ஏற்கும் வினைகளும் இந்த வகைதான்: அலி அதா பிந்தி (அலி குதிரையில் ஏறினான்), அலியி அதா பிந்திர்திம் (அலியைக் குதிரையில் ஏற்றினேன்).

செயப்படுபொருள் உள்ள வினையில் செய்பவருக்கு ‘கு’. ‘அலியைக் கடிதத்தைப் படிக்க வைத்தேன்’ என்று தமிழில் இரண்டு ‘ஐ’ வரலாம். அதே கையோடு ‘அலியி மெக்துபு’ என்று எழுதினால் பிழை. துருக்கியத்தில் ஒரு வினைக்கு ஒரே ‘ஐ’தான், அதைக் கடிதம் எடுத்துக்கொண்டது. ஆகவே, அலியே மெக்துபு ஒக்குத்தும். ‘மெக்துப்’ என்று உருபில்லாமல் நின்றாலும் அலிக்கு ‘கு’தான்.

கேட்கும்போதும் கவனம் வேண்டும். ‘அலியே மெக்துபு ஒக்குதும்’ என்றால் அலிக்கு நானே படித்துக் காட்டினேன். ‘ஒக்குத்தும்’ என்றால் படித்தது அலி. வேறுபாடு ஒரேயொரு தகரம்.

‘ஓலுமு ஒக்குத்தும்’ என்று ‘ஐ’ வருகிறதே என்று குழம்பவேண்டாம். மகனைப் படிக்க வைத்தேன், அதாவது பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கினேன். இங்கே படிப்பு கல்வி. தனியாகச் செயப்படுபொருள் இல்லை. தமிழிலும் அப்படியே சொல்கிறோம் என்பது அழகு.

யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் துருக்கிய மொழித் தேர்வில் இலக்கணத்துக்குத் தனித்தாள் கிடையாது. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல்தான். பேசும்போது அதிகம் நழுவுவது செய்பவரைச் சொல்லாத பிறவினை. கடையில் முடி வெட்டிக்கொண்டதற்கு ‘சாச்சிமி கெஸ்திர்திம்’ என்க. ‘கெஸ்திம்’ என்றால் கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிக்கொண்டதாகும்.