38 நாள் ஆஸ்பத்திரி, இரண்டு பாலிசி வருடம்

அப்பாவுக்கு 74 வயது. மதுரையில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். 2025 பிப்ரவரி 20 அன்று காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இரண்டு வேட்டி மட்டும் எடுத்துப் போயிருந்தோம். மூன்றாம் நாள் இரவே ஐ.சி.யு., அடுத்து வென்டிலேட்டர், அப்புறம் கழுத்தில் துளையிட்டுக் குழாய். வீடு திரும்பியது மார்ச் 29.

அப்பா பெயரில் மூத்த குடிமக்களுக்கான 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி இருந்தது. 63 வயதில் எடுத்தது. ஒரு வருடம்கூட விடாமல் கட்டியிருந்தார், ஒரு தடவைகூட கிளெய்ம் செய்ததில்லை. நீண்ட நாள் படுத்தால் அந்தப் பாலிசி எப்படி வேலை செய்யும் என்பது அந்த 38 நாளில்தான் எனக்குத் தெரிந்தது. வயதான பெற்றோர் உள்ளவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு முதல் மணி நேரத்திலேயே நடந்தது. "எந்த ரூம் வேணும்?" என்று கேட்டார்கள். அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நாளுக்கு 7,500 ரூபாய் தனி அறையைச் சொன்னேன். பாலிசியில் அறை வாடகைக்கு உச்ச வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000. மிச்சம் 2,500-ஐ நாம் கட்டினால் போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. வாடகையில் எந்த விகிதத்தில் மீறுகிறோமோ, அதே விகிதத்தில் டாக்டர் பார்க்க வந்த கட்டணம், நர்ஸ் கட்டணம் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போனது. மூன்றே நாளில் வாடகை வித்தியாசம் 7,500, மற்றக் கட்டணங்களில் 14,000, ஆக 21,500 ரூபாய். மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி. அதனால் அந்த மட்டும் தப்பித்தோம். ஐ.சி.யு.விலிருந்து வெளியே வந்தபோது 4,800 ரூபாய் அறையை நானே கேட்டு வாங்கினேன். அங்கே 18 நாள் இருந்தோம். முதல் அறையிலேயே அந்த 18 நாளும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) என்றால் ஒருமுறை அப்ரூவல் வந்தால் கடைசி வரை கவலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். எங்களுக்கு முதலில் வந்தது 60,000 ரூபாய்க்கு. ஐ.சி.யு.வில் அது இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. அந்தத் தொகை முடிவதற்குள் ஆஸ்பத்திரி அதுவரைக்குமான பில்லையும் டாக்டரின் குறிப்பையும் டி.பி.ஏ.வுக்கு (கம்பெனிக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் இடை நிறுவனம்) அனுப்பிக் கூடுதல் தொகை கேட்க வேண்டும். இதற்கு என்ஹான்ஸ்மென்ட் என்று பெயர். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே 29-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி கோரிக்கையை அனுப்பினால்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஆள் இல்லை, பேப்பர் போகவில்லை. மாலையில் பில்லிங்கில் கூப்பிட்டு ஒரு லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அந்த டெஸ்க் முன்னால் போய் நிற்பேன். "தம்பி, அப்ரூவல்ல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு? இன்னைக்குப் பேப்பர் அனுப்பணுமா?" இந்த இரண்டே கேள்விதான். பதிலை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவேன்.

டி.பி.ஏ. அனுப்பிய முதல் கேள்வியே, "சர்க்கரை நோய் எப்போதிலிருந்து?" என்பது. பயந்துவிட்டேன். ஆனால் விட்டுப்போகாமல் ஐந்து வருடம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் தவிர, நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது. பதினொரு வருடத்து ரசீதுகளும் அப்பாவின் கடை பீரோவில் நூல் கட்டி இருந்தன. படம் எடுத்து அனுப்பினேன், அந்தக் கேள்வி அதோடு நின்றது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பாலிசி மார்ச் 12 நள்ளிரவோடு முடிகிறது. நினைவூட்டல் எல்லாம் அப்பாவின் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் வீட்டு மேசை டிராயரில் கிடந்தது. அம்மா ஏதோ நம்பர் தேடுவதற்காக அதை சார்ஜ் போட்டு எடுத்தபோதுதான் மெசேஜைப் பார்த்திருக்கிறாள். 10-ஆம் தேதி ஐ.சி.யு. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, ஜி.எஸ்.டி.யோடு 36,580 ரூபாய் கட்டினேன். (அந்த வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.) 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறதே, வீட்டுக்குப் போய்க் கட்டலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். சலுகைக் காலத்தில் கட்டினால் பாலிசி தொடரும், உண்மைதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கட்டும் பாலிசியில், இடைப்பட்ட அந்த நாட்களுக்குக் காப்பீடு இல்லை. ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்த இடைவெளி விழவே கூடாது.

புதுப்பித்த பாலிசியின் 5 லட்சமும் இந்தப் பில்லுக்கு வருமா என்று கேட்டேன். டெஸ்க்கில் இருந்த பையன், "அட்மிஷன் தேதி எந்த பாலிசியோ அதுதான் மேடம். புது வருஷ அஞ்சு லட்சம் இதுக்கு வராது" என்றான். கம்பெனிக்கு போன் போட்டாலும் அதே பதில். அன்றிரவு பாலிசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பொடி எழுத்தில் ஒரு பத்தி இருந்தது: ஒரு கிளெய்ம் இரண்டு பாலிசி காலங்களில் விழுந்தால், இரண்டு காலங்களிலும் இருக்கிற காப்பீட்டுத் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பணம் தரப்படும். இப்படி ஒரு விதி நிறைய பாலிசிகளில் உண்டு. உங்கள் வீட்டுப் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

குழாய் போட்டதால் அப்பாவால் பேச முடியாது. சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தோம். வார்டுக்கு வந்த இரண்டாம் நாள், நடுங்குகிற கையில் அவர் எழுதிய முதல் வரி, "எவ்வளவு ஆச்சு?" கடைக்காரர் அல்லவா. "இன்சூரன்ஸ் பாத்துக்கும்ப்பா" என்றேன். அவர் அதை அழித்துவிட்டு, "கணக்கு எழுது" என்று எழுதினார். நோட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். கையுறை, டயப்பர், படுக்கை விரிப்பு என்று காப்பீட்டில் வராத பொருட்களின் பக்கம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். 38 நாளும் முடிந்தபோது அது மட்டும் 89,000 ரூபாய் ஆகியிருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று மொத்த பில் 9,12,400. ஆஸ்பத்திரி பில் அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் கடைசி அப்ரூவல் வர வேண்டும் என்பது விதி. வந்தது, ஆனால் 5 லட்சத்துக்கு மட்டும். அட்வான்ஸ் போக 3,12,400 கட்டினால்தான் கிளம்ப முடியும். அம்மாவின் வளையல்களை பாங்கில் நகைக் கடனுக்கு வைத்தோம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து நானே கணக்குப் போட்டேன். மார்ச் 12 வரை பில் 6,70,000. வராத பொருட்கள் 58,000, அறை வெட்டு 21,500 போக மிச்சம் 5,90,500. அதில் எங்கள் பங்காக 20 சதவீத கோ-பே போனால் 4,72,400. 13-ஆம் தேதியிலிருந்து பில் 2,42,400. அதில் வராத பொருட்கள் 31,000-மும் கோ-பேயும் கழித்தால் 1,69,120. இரண்டும் சேர்ந்து 6,41,520. ஆக கம்பெனி இன்னும் 1,41,520 தர வேண்டும். பாலிசிப் பத்தியைக் கோடிட்டு, ஒரிஜினல் பில்களோடு, நாங்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ரிம்பர்ஸ்மென்ட் கேட்டேன்.

மறுத்துக் கடிதம் வந்தது. பழைய அட்மிஷன் தேதிக் காரணத்தோடு புதிதாக ஒன்று: கடைசி ஏழு நாள் வெறும் ஓய்வுக்காக இருந்ததாம். ஓய்வுக்கும் வெறும் பராமரிப்புக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தால் பெரும்பாலான பாலிசிகளில் வராது, அது பொதுவான விலக்கு. ஆனால் அந்த ஏழு நாளும் ஊசி மருந்தும், குழாயில் சளி உறிஞ்சுவதும் நடந்தன. டாக்டரிடம் போய் நாள்வாரியாக என்ன சிகிச்சை என்று எழுதி வாங்கினேன். நர்ஸ் சார்ட் நகலும் கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டையும் இணைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்த மனுவையும் எழுதித் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, இருபது நாளில் கம்பெனி ஒத்துக்கொண்டது.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் மருந்து, பிசியோதெரபி பில்களும் தனியாக வந்தன. வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சம்பளமும் ஆக்சிஜன் சிலிண்டரும் வரவில்லை.

ஜூன் 27 அன்று 1,41,520 ரூபாய் அப்பாவின் கணக்கில் ஏறியது. அதற்குள் கழுத்துக் குழாயை எடுத்திருந்தார்கள், குரல் கரகரப்பாக வந்துகொண்டிருந்தது. மெசேஜைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:

"நோட்டுல வரவு எழுதிட்டியாம்மா?"