ஈராவ் மலைக்கு ஒரு முன்நடை

மலேசியாவின் கேமரன் மலைப்பகுதியில் உள்ள பிரிஞ்சாங் பட்டணத்தில் குழுக்களை மலைக்கு அழைத்துச் செல்லும் தொழிலில் இருப்பவர்களிடம், குழு வருவதற்கு முன்பே ஒருமுறை போய் வழியைப் பார்த்து வருவது எதற்கு என்று கேட்டால், வழி தவறாமல் இருப்பதற்கு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஈராவ் மலையைப் பொறுத்தவரை இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அங்கே தடம் ஒன்றுதான். ஏறியவர்களின் கால்கள் பல ஆண்டுகளாக அதைச் சேற்று வாய்க்காலாகவே அகழ்ந்து வைத்திருக்கின்றன. முன்நடை செல்பவர் முடிவு செய்துகொண்டு வரவேண்டியது, குழுவை எங்கே, எத்தனை மணிக்குத் திருப்புவது என்பதையே.

இந்த மலை எண்களைக் காட்டி ஏமாற்றும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் வழியே வளைந்து ஏறும் சாலை நம்மை 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சியருகே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஈராவின் உயரமோ 2,110 மீட்டர். எண்பது மீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று வரைபடத்தைப் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் தடம் முதலில் சிறிய ஈராவ் என்ற துணைச் சிகரத்துக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, மீண்டும் ஏறுகிறது. 3 மைல் தூரத்துக்கு ஒரு மணிநேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணிநேரம் என்று ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு, பிரிட்டனின் மரமற்ற மேட்டுநிலங்களில் நடப்பவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது. அங்கும் காலடியில் ஈரமான கரிமண்தான். ஆயினும் மூடுபனி இல்லாத நாளில் அடுத்த மேடு கண்ணுக்குத் தெரியும், நடையும் சீராக அமையும். இங்கே பாசி போர்த்திய வேர்களைப் பிடித்து ஏற வேண்டும். தெளிந்த வானிலையிலும் பத்தடிக்கு அப்பால் தெரிவது அரிது. நெய்ஸ்மித் கணக்கை நம்பிக் குழுவின் நேரத்தைத் திட்டமிடுபவர், இருட்டிய பிறகும் குழுவோடு காட்டுக்குள்ளேயே இருப்பார்.

முன்நடைக்கு என்னோடு வரும் ஐயா, தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். "தம்பி, நீ ஏறுறத வச்சு கணக்குப் போடாத. அறுபது வயசு அக்கா எப்படி இறங்குவாங்கன்னு பாரு," என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அதனால் உயரமான வேர்ப்படிகள் வரும் இடத்திலெல்லாம் நாங்கள் உட்கார்ந்து, கால் தேடி, மெதுவாக இறங்கிப் பார்க்கிறோம். குடுவைத் தாவரங்கள் தொங்கும் இடங்களையும் குறித்துக்கொள்கிறோம், ஏனெனில் அங்கே எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள், நேரம் கரையும்.

வெயில் நாளில் போய்ப் பார்த்து வருவதில் பாதிப் பயன்தான் என்பது என் கருத்து. மழை பெய்த மறுநாள் போனால்தான், எந்தப் பள்ளத்தில் சேறு முழங்காலைத் தொடுகிறது, எந்த வேர் வழுக்குகிறது என்பது புலப்படும். சேற்றுக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கி நடப்பவர்களால் தடம் ஆண்டுதோறும் அகன்று, ஓரத்து வேர்களும் பாசியும் மிதிபட்டு அழிகின்றன. ஆகவே சேற்றின் நடுவிலேயே நடக்கச் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக் காலணியோடு வந்தவர்களின் முகம் வாடுவதைப் பார்க்கச் சற்றுப் பாவமாகத்தான் இருக்கும். வனத்துறையின் அனுமதி, பதிவு பெற்ற மலை வழிகாட்டி ஆகியவை இங்கு கட்டாயம் என்பதால் அந்த வேலைகளையும் முன்நடையின்போதே முடித்துக்கொள்கிறோம்.

திரும்பும் இடமாக நான் தேர்ந்திருப்பது சிறிய ஈராவ். காலை பதினொரு மணிக்குள் குழுவின் கடைசி ஆள் அங்கே வந்து சேராவிட்டால் அனைவரும் திரும்ப வேண்டும். இதை அங்கே போய் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. உச்சி அருகில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்; காசு கொடுத்து வந்தவர்கள் இன்னும் அரை மணிநேரம்தானே என்று கெஞ்சுவார்கள்; வழிகாட்டிக்கும் உள்ளூர ஆசை எழும். பிற்பகல் மழையோ அந்தக் கெஞ்சலுக்குக் காத்திருக்காது. எனவே எங்கள் அறிவிப்புத் தாளில், சிகரத்தின் உயரத்துக்கு மேலே, திரும்பும் நேரத்தை அச்சிட்டுவிடுகிறோம். அதைப் படித்துவிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு, கொடுத்துவிட்டோம்.