அப்பாவின் வேட்டிக் கறை

அப்பாவுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக வரும் நோய். நான் ஏழாவது படிக்கும்போது டாக்டர் 'டித்ரனால்' என்ற களிம்பை எழுதிக் கொடுத்தார். ராத்திரி தடவிக்கொண்டு அரை மணி நேரம் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார், அப்புறம் கழுவுவார். கழுவினாலும் விடாது. வெள்ளை வேட்டியில் ஊதாவும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய் ஏறிவிடும். அம்மா துவைகல்லில் போட்டுத் தேய்ப்பாள். துணிதான் நைந்துபோகும், கறை போகாது. படையைச் சுற்றியிருக்கும் நல்ல தோலும் கறுத்து எரியும்.

செதில் உதிர்ந்தது உண்மை. நல்ல மருந்துதான். ஆனால் எரிச்சல் தாங்காமல் அப்பா அதை விட்டுவிட்டு, சீட்டில்லாமல் கிடைத்த ஸ்டீராய்டு க்ரீமுக்குப் போனார். வருஷக்கணக்கில் தடவித் தடவி அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகாகிவிட்டது.

காற்றுப் பட்டால் டித்ரனால் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்புச் சாயமாக மாறும் என்பதை மருந்தாக்கத்தில் மேற்படிப்பு, எம்.ஃபார்ம், படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். 1916இல் ஜெர்மனியில் செய்த மருந்து அது. அதற்கு முன்னோடி, பிரேசில் மரமொன்றிலிருந்து எடுத்த 'கோவாப் பொடி'.

ஆய்வகத்தில் முதன்முதலாக லிப்போசோம், அதாவது மருந்தை ஒளித்துவைக்கும் நுண்ணிய கொழுப்பு உருண்டை, செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. லெசித்தின் என்ற கொழுப்பு, கொலஸ்டிரால், டித்ரனால் மூன்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையை வெந்நீர்த் தொட்டியில் சுழலவிட்டேன். குளோரோஃபார்ம் ஆவியாகப் போனதும் உட்சுவரில் மஞ்சளாக மெல்லிய ஏடு படிந்தது, பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஒட்டியிருக்குமே, அதுபோல. தண்ணீர் விட்டுச் சுழற்றினேன். ஏடு உரிந்து நீராகாரம் மாதிரி கலங்கியது. அந்தக் கலங்கல் முழுக்க கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகள். மருந்து அவற்றின் சுவருக்குள் பதுங்கிக்கொள்வதால் காற்று சட்டென்று தீண்டாது.

நம் மேல்தோலில் செத்த செல்கள் செங்கல் என்றால், செராமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் சாந்து. கொழுப்பு உருண்டை அந்தச் சாந்துக்கு உறவுக்காரன். 1980இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் மெசெய், குலசேகரம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு ஸ்டீராய்டை லிப்போசோமில் வைத்து முயல்களுக்குத் தடவிப் பார்த்தார்கள். சாதாரண லோஷனைவிட 4 முதல் 5 மடங்கு மருந்து தோலில் தங்கியது, உடம்புக்குள் போனது குறைந்தது. (அந்தக் கட்டுரையில் குலசேகரம் என்ற பெயரைப் பார்த்ததும் மனசு துள்ளியது.) இப்படி நுண்ணிய உருண்டைகளை 'நானோ' என்று சொல்லி, 'நானோ' என்றாலே ஆழமாக ஊடுருவும் என்று விளம்பரம் செய்கிறார்கள். தோல் நோய்க்கு வேண்டியது அதுவல்ல, மருந்து தோலிலேயே தங்குவதுதான். சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கட்டாரே குழுவினர் டித்ரனாலையே இப்படி 0.5% ஜெல்லாக்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் கேட்டேன், ஒன்றிலும் இல்லை. இது எனக்கு ஆறவில்லை.

அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றில் சாதாரணக் களிம்பையும் நான் செய்த லிப்போசோம் ஜெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் தடவி, மறுநாள் அலசினேன். களிம்பு பட்ட இடம் அதே பழைய பழுப்பு. ஜெல் பட்ட இடத்தில் லேசான மஞ்சள் மட்டும். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்பா இருக்கறப்பவே இது வந்திருக்கக் கூடாதா, கண்ணு?"