சந்திரகேதுகர்: யட்சி ஊருக்குப் போய் டோட்டோக்காரரிடம் மாட்டிய கதை

முதலில் அந்த டோட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது. டோட்டோ என்றால் அங்கே பேட்டரி ரிக்ஷா. ஹாரோவா ரோடு ஸ்டேஷனிலிருந்து, சந்திரகேதுகர் இருக்கும் மேற்கு வங்க ஊரான பெராச்சாம்பா சில கிலோமீட்டர்தான். 300 ரூபாய் கேட்டார்! கொல்கத்தா சியால்டா ஸ்டேஷனிலிருந்து ஹஸ்னாபாத் லோக்கல் ரயிலில் அவ்வளவு தூரம் வந்ததற்கு 20 ரூபாய்கூட ஆகவில்லை. பேரம் பேசி 200 கொடுத்தேன். ஷேரில் போனால் 20தானாம், திரும்பும்போது தெரிந்தது.

எதற்கு இந்த அலைச்சல் என்றால், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் உட்பட பல இடங்களில் இருக்கும் சுடுமண் யட்சிகளுக்காக. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சிற்பங்கள். கொண்டையில் குட்டி ஆயுதங்கள் மாதிரி ஊசிகள், தோளை இடிக்கும் தோடு, இடுப்பில் அடுக்கடுக்காக மேகலை. உள்ளங்கை அளவு மண் பலகையில் இத்தனை நகையா! பல லேபிள்களில் ஊர்ப் பெயர் சந்திரகேதுகர். சரி, அந்த ஊரைப் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

அங்கே தோண்டிய இடமான கனா மிஹிர் மேட்டில் ஒரு யட்சியும் இல்லை. இருப்பது பெரிய செங்கல் கோயிலின் அடித்தளம், யட்சிகளுக்குப் பல நூறு வருஷம் பிந்தியது. அதன்மேல் இரண்டு ஆடுகள். 1956இலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் மியூசியம்தான் இங்கே தோண்டியது. அதில் கிடைத்தவற்றுக்கு எந்த மண்ணடுக்கு என்று கணக்கு உண்டு. வெளிநாட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை குளம் வெட்டும்போதும் வயல் உழும்போதும் வந்து, வியாபாரிகள் கை மாறிப் போனவை. அவற்றின் லேபிளில் இருக்கும் ஊர்ப் பெயர் ஜாடையை வைத்துச் சொன்னது, அவ்வளவுதான். தெர்மோலூமினசன்ஸ் சோதனை செய்தாலும் சூளையில் எப்போது வெந்தது என்று தெரியுமே தவிர, எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரியாது. 2024இல் அமெரிக்கா திருப்பித் தர ஒப்புக்கொண்ட 297 பொருள்களில் பெரும்பாலானவை கிழக்கிந்தியச் சுடுமண் பொருள்கள்தான். வந்து சேரட்டும், சந்தோஷம். ஆனால் எந்த வயலுக்குத் திரும்ப அனுப்புவது?

டீக்கடைக்காரர், "அப்பா காலத்தில் குளம் தோண்டினால் பொம்மை வரும், பிள்ளைகள் விளையாடுவோம்" என்றார். என் அரைகுறை இந்திக்கு அவ்வளவுதான் எட்டியது. டீ மண் குவளையில் வந்தது, பத்து ரூபாய். குடித்துவிட்டு எல்லோரும் அதைக் குளத்தோரம் வீசினார்கள். நான் மட்டும் கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு வழி, நேரம் எல்லாம் எழுதுவதாக இருந்தேன். மதியம் சாப்பிட்ட மீன் குழம்பைப் பற்றியும் எழுதவில்லை. ஷேர் டோட்டோ, 20 ரூபாய். அதை மறக்காதீர்கள்.