அங்கியைக் கழற்றி வைத்த நாட்களில்

வேலூர்ப் பக்கம் ஒரு போதகர் ஊழியத்திலிருந்து சில மாதம் ஓய்வு விடுப்பு எடுக்கிறார் என்றால், சபையில் முதலில் எழும் கேள்வி, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" அடுத்தது, "மாத்திட்டாங்களா?" எங்கள் சபைப் பாட்டி ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "இன்னா ஐயா, சாமிக்கே லீவு உட்டுட்டீங்களா?" பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம். அதைப் பிரசங்கிப்பது சுலபம். தனக்கென்று வரும்போது போதகருக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எருசலேம் போய் வரலாமே என்றார்கள் நண்பர்கள். எனக்கென்னவோ பழைய வடாற்காடு மாவட்டமே போதும் என்று பட்டது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்க ஆராதனை என்று இத்தனை வருஷம் ஓடிய ஊர்களில், எந்த வேலையும் இல்லாமல் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கோட்டை. அகழியைத் தாண்டி உள்ளே போனால் கோவில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். புனித யோவான் ஆலயம் 1846இல் வந்தது. அதற்கு நாற்பது வருஷம் முன்பு, 1806 ஜூலை 10 அன்று, சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்ததும் பிறகு கொத்துக் கொத்தாகச் செத்ததும் இதே மண்ணில்தான். அந்த நினைவோடு அங்கே உட்கார்ந்தால் சங்கீதங்களில் உள்ள புலம்பல் வேறு மாதிரி கேட்கிறது. எதிரே ஜலகண்டேஸ்வரர் கோவில் நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் இருந்து, 1981இல்தான் மறுபடி வழிபாட்டுக்கு வந்தது. அத்தனை காலம் பூஜை இல்லாமல் நின்ற மண்டபத்துத் தூண்களைப் பார்த்தபோது, சில மாத விடுப்புக்கு நான் இவ்வளவு தயங்கியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

சிஎம்சி மருத்துவமனையின் கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், 1900இல் டாக்டராகத் திரும்பி வந்தவர். அங்கே சும்மா போய் உட்காரவும் முடியாது. தெரிந்த முகம் ஒன்றாவது "ஐயா, ஸ்தோத்திரம், ரெண்டாவது மாடியில நம்ம ஆளு ஒருத்தர்" என்று கூப்பிட்டுவிடும். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

காட்பாடியில் ரயில் ஏறினேன். வழியில் பாலாறு வந்தது, முக்கால்வாசி மணல்தான். ஜோலார்பேட்டையில் ஏலகிரி மலையைப் பார்த்துக்கொண்டே இறங்கி, பஸ் பிடித்துத் திருப்பத்தூர். நான் தேடிப் போனது கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து தொடங்கியது. தமிழரான எஸ். யேசுதாசன் ஒருவர், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டன் மற்றவர். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஊர் அவர்களை அழைத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் 'சின்ன' அண்ணனாக இருக்கச் சம்மதித்தார் என்பதை நம் கமிட்டிக் கூட்டங்களில் யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை! கதர் கட்டினார்கள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1932இல் சென்னையில் பேட்டன் போலீஸிடம் அடியும் வாங்கினார்.

ஆலயம் கோபுரமும் தூண்களுமாகத் திராவிடக் கட்டடக் கலையில் எழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். பீடத்துக்கு அந்தப் பக்கம் நின்றே பழகியவனுக்கு இந்தப் பக்கம் எங்கே பார்ப்பது என்றுகூட முதலில் பிடிபடவில்லை. வேதத்தைத் திறந்தால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. எந்த வசனத்தைப் படித்தாலும் மூன்று குறிப்பாகப் பிரிகிறது, முன்னுரை வருகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு உதாரணமும் வந்து நிற்கிறது. போதகர்களுக்கு இது தொழில் வியாதி. சமையற்காரருக்குப் பசி தெரியாமல் போவது மாதிரி.

மூடி வைத்துவிட்டு எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டிருந்தேன். சாகிறேன் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தவருக்குத் தூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பத் தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது எல்லாரும் அவசரமாக மலைக்குப் போய்விடுகிறோம். தூக்கத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அன்று நான் மலைக்குப் போகவில்லை. தூணில் சாய்ந்தபடி கொஞ்சம் கண்ணயர்ந்தேன் என்றே சொல்லலாம்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்து, "அண்ணா, எம் பொண்ணுக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கோ. நாளைக்கு சிஎம்சில காட்டணும்" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சீஷர்களை இயேசு இளைப்பாற அழைத்துப் போனபோதும் ஜனங்கள் கால்நடையாக ஓடி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறாரே, அது ஞாபகம் வந்தது. ஆனால் அலுப்பு வரவில்லை. போதகராக அல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவனாக ஜெபித்தேன். பழகிய வாக்கியங்கள் பாதி வரவில்லை. ஜெபம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

ஆமென் சொன்ன கையோடு அவர், "ஜோலார்பேட்டைக்கு எங்கண்ணா பஸ் ஏறணும்?" என்று கேட்டார். நானும் அந்தப் பக்கம்தான் என்றேன். ஸ்டேஷன் வரை மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.